குதிரைத்திறனை மட்டும் காட்டி ஹாட் ஹேட்ச் வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: இப்போது ஓட்டும் கார் பத்து வருடப் பழசு, பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை, ஆனால் ஓட்டுவதில் ருசி இல்லை, கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஹாட் ஹேட்ச் (சாதாரண ஹேட்ச்பேக் காரிலேயே பலமான எஞ்சின் வைத்த வேகமான ரகம்) வரும், மாற்றலாமா வேண்டாமா என்று. நியாயமான கேள்வி. வந்த பதில்தான் சரியில்லை. ஐந்தாறு கார்களின் பெயர், குதிரைத்திறன், பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி, அவ்வளவுதான். வாங்கினால் அடுத்த ஒரு வருடத்தில் என்னென்ன மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு வரி கிடையாது. அவர் வைத்திருக்கும் காரைப் பற்றிப் பேச்சே இல்லை, ஏதோ அது ஏற்கெனவே விற்றுப்போன மாதிரி.

இந்த வகைக் கார்கள் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, ரொம்பவே பிடிக்கும். பின்னிருக்கையை மடித்துச் சாமான் ஏற்றுகிற அதே வண்டி, காலியான வளைவுச் சாலையில் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரோடு போட்டி போடுவது சாதாரண விஷயமா? ஆனால் அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் தலைகாட்டி 1976இல் விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன். இன்றைக்கு அந்த எண்ணைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எடை 800 கிலோவுக்குச் சற்று மேல்தான். 5,000 வண்டி போனால் போதும் என்று கணக்குப் போட்டு இறக்கினார்கள், முதல் தலைமுறை மட்டுமே நான்கரை லட்சத்துக்கு மேல் விற்றது. 1984இல் வந்த பெஜோ 205 ஜிடிஐயும் அதே கதைதான், 105 குதிரைத்திறன், எடை 900 கிலோவுக்குள். எடை குறைவு என்றால் டயர் சின்னது, பிரேக் சின்னது, எல்லாம் மெதுவாகத் தேயும், மாற்றினாலும் கை சுடாது. ஹாட் ஹேட்ச் என்றால் சிக்கனமான வேகம் என்ற பெயர் அந்தக் காலத்தில் சம்பாதித்தது. 2013இல் வந்த ஏழாம் தலைமுறை ஜிடிஐக்கு 220 குதிரைத்திறன், எடையும் 1,300 கிலோ அளவுக்கு ஏறிவிட்டது. பெயர் அதேதான், செலவுக் கணக்கு அதே இல்லை.

இங்கேதான் 'விலை மலிவு' என்ற பேச்சு ஆளை ஏமாற்றுகிறது. எட்டு வருடம் ஓடிய ஒரு ஹாட் ஹேட்ச் அன்றைய ஷோரூம் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கலாம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தி கூட்டும் டர்போவும், கிளட்ச்சும் பாதி விலைக்கு வராது. வண்டிக்கு வயசானதால் உதிரிபாகக் கடைக்காரர் தள்ளுபடி தருவதில்லை. 15 இன்ச் டயரில் ஓடிப் பழகியவர் 18 அல்லது 19 இன்ச் டயர் நான்குக்கு விலை கேட்கும்போதுதான் விஷயம் புரியும். அதுவும் முன் சக்கரத்தில் இவ்வளவு சக்தியை இறக்கினால் முன் டயர்கள் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது முந்தைய உரிமையாளருக்குத் தெரியும், அவர் விளம்பரத்தில் எழுத மாட்டார்.

சரி, பணக் கணக்கையே பார்ப்போம் என்றால் விடை சீக்கிரம் வந்துவிடும்: ஓடுகிற காரை வைத்துக்கொள்வதுதான் அநேகமாக எப்போதும் மலிவு. உங்கள் பழைய கார் இழக்க வேண்டிய மதிப்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது, இனிமேல் அது மெதுவாகத்தான் சரியும். மாற்றினால் பதிவுச் செலவு, கூடுதல் இன்சூரன்ஸ், உயர் ஆக்டேன் பெட்ரோல், அப்புறம் முன்பின் தெரியாத ஒருவர் எப்படி ஓட்டினார் என்ற சந்தேகத்தின் விலை, இது எல்லாம் மேலே ஏறும். 'ரிப்பேர் பில் காரின் மதிப்பைத் தாண்டினால் விற்றுவிடு' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. ரிப்பேர் பில்லைக் காரின் சந்தை மதிப்போடு ஒப்பிட்டு என்ன பயன்? அதே அளவு நம்பிக்கையான வேறொரு காரை வாங்கி நிறுத்த என்ன ஆகும் என்பதோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் சேஸியில் துரு ஏறிய கார், எஞ்சினோ கியர்பாக்ஸோ மொத்தமாகப் போன கார், இந்த மாதிரி சிலவற்றைத் தவிர மற்றவை எல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

அதனால் என் கட்சி இதுதான். ஹாட் ஹேட்ச் வாங்குங்கள், தப்பில்லை, ஆனால் பணம் மிச்சமாகும் என்று உங்களுக்கு நீங்களே கதை சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள். ஓட்டும் சந்தோஷத்துக்காக இவ்வளவு கூடுதலாகச் செலவழிக்கிறேன் என்று நேராகச் சொல்லிக்கொண்டு வாங்குங்கள். காரணத்தை மறைத்தால் தேர்வும் தப்பாகப் போகும். 'சிக்கனம்' என்று சொல்லிக்கொண்டு போகிறவர்தான் சந்தையிலேயே மலிவான, சர்வீஸ் பதிவே இல்லாத, மூன்று கை மாறிய வண்டியில் போய் விழுவார்.

இன்னொன்று. இந்த ஆசை எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அநேகமாகப் பழைய காருக்கு ஒரு பில் வந்த வாரத்தில். ஒரு பக்கம் தேய்ந்த டயரும் ஓய்ந்த ஷாக் அப்சார்பருமாக நிற்கும் நம் கார், மறு பக்கம் பாலிஷ் போட்டு வெயிலில் படம் எடுத்த விற்பனைக் கார். இது ஒப்பீடே இல்லை. முதலில் இருக்கும் காரை அதன் சரியான நிலைக்குக் கொண்டுவாருங்கள். நல்ல கம்பெனி டயர் நான்கு, புது ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் மூட்டுகளில் கிழிந்துபோன புஷ் என்ற ரப்பர் துண்டுகளுக்குப் பதில் புதியவை, வீல் அலைன்மென்ட். பிரேக் ஆயிலைப் பலர் மறந்தே போவார்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், தொடர்ந்து பிரேக் அடிக்கும் இறக்கத்தில் மிதி பஞ்சுபோல் ஆகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். இதற்கெல்லாம் ஆகும் மொத்தச் செலவு ஹாட் ஹேட்ச் வாங்கும் பணத்தில் ஒரு சின்னப் பங்கு. என் கார் ஒன்றும் பெயர் சொல்லும்படியான வண்டி இல்லை, டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார். ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் மாற்றிய பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் யோசிக்காமல் திரும்புகிறது. அதற்கு முன் அது எவ்வளவு தொளதொளவென்று இருந்தது என்பதே எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கெட்டது.

இப்படிச் சரி செய்து சில மாதம் ஓட்டிய பிறகும் மனசு அடங்கவில்லை என்றால் அது உண்மையான ஆசை, அதை மதிக்கலாம். என்ன குறை என்றும் அப்போது தெளிவாகச் சொல்ல வரும். இழுவை போதவில்லையா, கியர் மாற்றுவதில் சுகம் இல்லையா, வளைவில் உடம்பைப் பிடித்து வைக்காத சீட்டா? ஒருவருக்கு உண்மையில் தேவைப்படுவது நல்ல சீட்டும் துல்லியமான ஸ்டியரிங்கும்தான் என்றால் அவர் 300 குதிரைத்திறன் பின்னால் ஓடுவது வீண்.

எந்தக் கார் என்ற கேள்விக்கு என் பதில், காசு அளவாக இருந்தால் எடை குறைந்ததை எடுங்கள். சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் நல்ல உதாரணம். 2017இல் வந்த தலைமுறையில் 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் கீழே. அதற்கு முந்தைய தலைமுறையில் டர்போவே கிடையாது, 1.6 லிட்டர், கெடுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லாத எஞ்சின். காகிதத்தில் பார்த்தால் இரண்டும் பெரிய ஆட்களில்லை, சாலையில் ஓட்டினால் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அடுத்த படி ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி: 2013இல் வந்ததில் 1.6 லிட்டர் டர்போ, 182 குதிரைத்திறன். 2018இல் வந்ததில் மூன்றே சிலிண்டர், 1.5 லிட்டர், 200 குதிரைத்திறன். சின்னக் கார், கூர்மையான ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மட்டும் கொஞ்சம் கடினம், முதுகு வலி உள்ளவர்கள் மோசமான சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

அதே பணத்துக்கு இன்னும் வயதான, இன்னும் பலமான கார்களும் வரும். அங்கே கால் வைக்கும் முன் அந்தந்த எஞ்சினின் தெரிந்த வியாதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயின் 2.0 டர்போ எஞ்சினில் கேம் ஃபாலோயர் என்று ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் உயர் அழுத்த எரிபொருள் பம்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அவ்வப்போது கழற்றிப் பார்த்து மாற்றினால் அற்பச் செலவு, கவனிக்காமல் விட்டுத் தேய்ந்து ஓட்டையானால் பம்பும் கேம் ஷாஃப்டும் சேர்ந்தே போகும். அதற்கு அடுத்து வந்த எஞ்சினில், வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்தார்கள், ஆரம்ப வருடங்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனம், அது விட்டுப்போனால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், எஞ்சினே காலி. மினி கூப்பர் எஸ் காரில் 2006 வரை சூப்பர்சார்ஜர் (எஞ்சினே சுழற்றிக் காற்றை அழுத்தும் கருவி), அடுத்த தலைமுறையில் டர்போ, அந்த டர்போவின் தொடக்க கால எஞ்சினுக்கும் செயின் டென்ஷனர் தகராறுதான். 2016இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ், 350 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, பார்க்கவே பயமாக இருக்கும் கார். அதில் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டில் பிரச்சினை வந்து கம்பெனியே அழைத்துச் சரிசெய்து கொடுத்தது, அந்த வேலை முடிந்த வண்டியா என்று கேட்காமல் தொடக் கூடாது. இதற்காக இந்தக் கார்கள் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. வியாதி தெரிந்து, வைத்தியம் முடிந்து, அதற்கான பில் கையில் இருக்கும் வண்டி, வியாதியே இல்லை என்று விற்பவர் சத்தியம் செய்யும் வண்டியைவிட நம்பகமானது.

கரிப் படிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. கழுவ ஆள் இல்லாததால் எண்ணெய் ஆவி அங்கே கரியாகப் படிகிறது, காலையில் எஞ்சின் தடுமாறும், இழுவை குறையும். வால்நட் ஓட்டுத் துகளை அழுத்தக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். வேலை செய்தால் தீர்ந்துவிடும் விஷயம்தான், ஆனால் இதையும் பட்ஜெட்டில் வையுங்கள். ஃபோக்ஸ்வேகனின் தானாகக் கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸில், ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் கொண்ட ஆறு கியர் வகை என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருக்க வேண்டும். 'ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில் மாற்றவே வேண்டாம்' என்று சொல்லும் விற்பனையாளரிடம் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் பானெட் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் ஓரிரு நொடியில்தான் தளர்ந்த செயின் கடகடவென்று குரல் கொடுக்கும், சூடான பிறகு வாயே திறக்காது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் எங்கோ உள்ளே போகிறது. மேல் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுழலும் வேகம்) ஓட்டிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துப் பாருங்கள், ஆர்பிஎம் முள் எகிறி காரின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனி, அதிலும் பெயர் தெரியாத கம்பெனி என்றால், இந்த ஆள் டயரில் மிச்சம் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத ஆயிலில் மிச்சம் பிடிக்காமலா இருந்திருப்பார்? டயர் வைத்து ஆளை எடைபோடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது, அது பெரும்பாலும் தப்பாது.

ரீமேப் செய்த கார்கள் தனி ரகம். கம்ப்யூட்டரில் மென்பொருளை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினால் ஒரே மதியத்தில் நாற்பது ஐம்பது குதிரை கூடிவிடும். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பழைய சக்திக்குச் செய்தவைதானே, அவைதான் அடி வாங்கும். விற்கும் முன் பழைய மென்பொருளையும் பழைய சைலன்சரையும் திரும்பப் போட்டுவிட்டு 'கம்பெனி கண்டிஷன்' என்று போடுவார்கள். கழற்றி மாட்டிய போல்ட்டுகளில் ஸ்பானர் தழும்பு, தளர்ந்த ஹோஸ் கிளாம்ப், வயரிங்கில் டேப் சுற்று இவற்றைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். வாங்கிய பிறகு நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

இதையெல்லாம் நாமே பார்த்தாலும் ஒரு நம்பிக்கையான மெக்கானிக்கை, முடிந்தால் அந்த மாடலையே கையில் எடுத்து வேலை பார்த்தவரை, காசு கொடுத்து அழைத்துப் போவதுதான் நல்லது. லிஃப்டில் தூக்கி அடியைப் பார்க்க விற்பவர் மறுத்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. அப்புறம் கையில் உள்ள மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொட்டிவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் என்ன வருமோ அதைத் தேடுங்கள். அப்படித் தேடும்போது கனவு கண்ட மாடல் கைநழுவி அதைவிடச் சின்ன மாடல்தான் கிடைக்கும், பரவாயில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் கேட்டு அலைவதைவிட அது மேல்.

'இப்போது விட்டால் இனிக் கிடைக்காது' என்று ஒரு அவசரத்தையும் கிளப்புகிறார்கள். பாதி உண்மைதான். ஃபியஸ்டா உற்பத்தி 2023 ஜூலையோடு நின்றது. ரெனோ மெகான் ஆர்எஸ்ஸும் அதே வருடம் முடிந்தது. கோல்ஃப் ஜிடிஐக்கு 2024இல் செய்த புதுப்பிப்போடு கையால் கியர் மாற்றும் வசதி போய்விட்டது. புதிதாக வாங்க நினைப்பவருக்கு வழி சுருங்கிக்கொண்டே வருகிறது, அதனால் நல்ல நிலையில் உள்ள பழைய வண்டிகளின் விலை சாதாரணக் கார் மாதிரி சரியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்து விற்ற வண்டிகள் ஏராளம், அவை நாளையே மறைந்துவிடப் போவதில்லை. நல்ல வண்டிக்கு ஆறு மாதம் காத்திருக்கலாம், கையில் ஓடுகிற கார் இருக்கும்போது காத்திருப்பதில் என்ன நஷ்டம்? பேரம் பேசும்போது உங்கள் பலமே அதுதான். கார் இல்லாமல் தவிப்பவர் கிடைத்ததை வாங்குவார், நீங்கள் பிடிக்காத வண்டியை விட்டு நடந்து வரலாம்.

பின்னாளில் விலை ஏறும், முதலீடு என்று நினைத்து வாங்குகிறவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவர்கள் காரை மூடி வைப்பார்கள், ஓட்ட மாட்டார்கள், இந்தக் கடிதம் அவர்களுக்கு இல்லை.

கேள்வி கேட்ட வாசகர் கடைசியில் வாங்கத்தான் போகிறார் என்றால் ஒரு யோசனை. இடமும் வசதியும் இருந்தால் புது வண்டி வந்த அன்றே பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட வேண்டாம். டீலர் தரும் விலை எப்படியும் குறைவுதான், நேரடியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஹாட் ஹேட்ச்சுக்கு முதல் முழு சர்வீஸ் முடியும்வரை, எஞ்சின் ஆயில் எவ்வளவு குடிக்கிறது, கூலன்ட் அளவு இறங்குகிறதா என்று டிப்ஸ்டிக்கையும் டேங்கையும் வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்கும்வரை, பழைய கார் வாசலில் நிற்கட்டும். பாகம் வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்று மெக்கானிக் சொல்லும் நாளில் வேலைக்குப் போக அது வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்